பார்க்கிங்கில் கீறல் விழத்தான் செய்யுமா?

தி. நகரில் ஒரு கடையின் அடித்தள பார்க்கிங். சனிக்கிழமை மாலை. ஜவுளிப் பைகளோடு திரும்பி வந்தால், இடது பின்கதவில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம். அதன் நடுவில் வேறொரு காரின் வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டதுபோல் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கட்டம் காலி. செக்யூரிட்டி வந்து குனிந்து பார்த்தார். "கூட்டம்னா இப்படித்தான் சார். இன்சூரன்ஸ் இருக்கும்ல?" என்றார். டிங்கரிங் பட்டறையிலும் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மைத்துனரும் அதையேதான் சொன்னார்: "கார்னு ஒண்ணு வாங்கிட்டா கீறல் விழத்தான் செய்யும் மாப்ள."

ஊர் முழுக்க இதை ஒப்புக்கொண்டுவிட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பேச்சால் லாபம் இடித்தவருக்கும் பார்க்கிங் நடத்துபவருக்கும்தான். கடன் வாங்கி, தவணை கட்டி, வாரம் தவறாமல் துடைத்து வைத்திருப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

முதலில், "இடமே இல்லாதபோது என்ன செய்ய முடியும்?" என்ற கேள்வி. இடம் குறைவுதான். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் ஒரு காருக்கான கட்டம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பழைய மாருதி 800-இன் அகலம் சுமார் 1.44 மீட்டர், அதை நடுவில் விட்டால் அடுத்த மாருதிக்கும் அதற்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். பெரிய எஸ்யூவியான எக்ஸ்யூவி 700 கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.89 மீட்டர். அப்படி இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் 61 சென்டிமீட்டர்தான். நடுத்தர உடம்புக்காரர்கூடத் தோளைச் சாய்த்துத்தான் இறங்க வேண்டும். கார்கள் பருத்துவிட்டன, கட்டம் பருக்கவில்லை.

ஆனால் அந்த 61 சென்டிமீட்டரை எந்தப் பக்கம் வைப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. இடப்பக்கம் தூணோ சுவரோ இருக்கும் ஓரக் கட்டம் கிடைத்தால், வீட்டாரை முன்கூட்டியே இறக்கிவிட்டு, கண்ணாடியை மடக்கி, தூணிலிருந்து ஒரு சாண் விட்டு ஒட்டி நிறுத்திப் பாருங்கள். வலப்பக்கம் பக்கத்து வண்டிக்கும் நமக்கும் நடுவே இடைவெளி கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். தூண் யார்மேலும் கதவைத் திறந்து இடிக்காது. எஸ்கலேட்டருக்கும் லிஃப்ட் வாசலுக்கும் பக்கத்தில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறோம். பக்கத்துக் கட்டத்தில் நாள் முழுக்க வண்டி மாறிக்கொண்டே இருப்பதும், டிராலி வந்து முட்டுவதும் அங்கேதான். ஒரு தளம் மேலே போய், நூறு அடி கூடுதலாக நடந்தால் நம் இரு பக்கமும் காலியாகவே கிடக்கும்.

இன்னொன்று: பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு விடுங்கள். அதன் கதவு விளிம்பில் பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், அது ஏற்கெனவே பலமுறை எதையோ இடித்திருக்கிறது. கோட்டைத் தாண்டி நிற்கிறதா, அங்கே விடவே வேண்டாம்.

அடுத்து, எல்லோரும் நீட்டும் சமாதானம்: இன்சூரன்ஸ். "பம்பர் டு பம்பர் எடுத்திருக்கேன், எனக்கென்ன?" என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் நம் வண்டிக்கு ஒரு பைசாவும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், எந்த க்ளெய்மிலும் 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் என்றால் 2,000 ரூபாயும் நம் பங்கு. பம்பர் டு பம்பர் எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பம்பர் பிளாஸ்டிக்தான்.

இதைவிடப் பெரிய இழப்பு நோ க்ளெய்ம் போனஸ். முதல் ஆண்டு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது ஆண்டு 50 என்று ஏறும் தள்ளுபடி, ஒரே ஒரு க்ளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 12,000 ரூபாய், இப்போது 45 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவு ஒன்றை டிங்கர் பார்த்து, பட்டி போட்டு, பெயின்ட் அடிக்க 4,500 ரூபாய். க்ளெய்ம் செய்தால் அதிகபட்சம் 3,500 கிடைக்கும். அடுத்த புதுப்பிப்பில் கிடைத்திருக்க வேண்டிய 6,000 போய்விடும். அதற்கடுத்த ஆண்டும் 50-க்குப் பதிலாக 20 சதவீதம்தான், இன்னொரு 3,600. பிரீமியம் மாறாமல் இருந்தால்கூட 3,500-க்காக இரண்டு ஆண்டுகளில் 9,600 ரூபாய் தள்ளுபடியை இழக்கிறோம். போனஸைக் காக்கும் தனிச் சேர்க்கை எடுத்திருந்தால் தப்பிக்கலாம். அதற்கும் ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும்.

பள்ளம் மட்டும்தான், பெயின்ட் உடையவில்லை என்றால் பெயின்ட் அடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்பக்கத்திலிருந்து கம்பியால் நெம்பி டென்ட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பெயின்ட் அப்படியே நிற்கும். சில்வர், மெட்டாலிக் நிறங்களில் ஒரு கதவை மட்டும் அடித்தால், வெயிலில் நிறுத்தும்போது அந்தக் கதவு மட்டும் தனியாகத் தெரியும்.

இனி பார்க்கிங் வாசலில் தொங்கும் அந்த போர்டு: "வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்." டிக்கெட்டின் பின்னாலும் பொடி எழுத்தில் அதேதான் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்ததும் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். சட்டம் அவ்வளவு எளிதாக அவர்களை விட்டுவிடுவதில்லை. 1998-இல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென்னை வேலட் பார்க்கிங்குக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் வேறு யாரோ சாவியை எடுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உரிமையாளர் பொறுப்பு என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறோமே என்றது ஹோட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு வண்டி ஹோட்டலின் பொறுப்பில் இருக்கிறது, தங்கள் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு அச்சு வரியால் கழற்றிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது.

அது திருட்டு வழக்கு. சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாமே நிறுத்திய வண்டிக்கு அது அப்படியே பொருந்திவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாவியைக் கொடுக்கும் இடங்களில் அதன் பலம் நமக்கு உண்டு. கொடுப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, சீட்டு கொடுக்கும் ஆளும் தெரியும்படி வீடியோ எடுத்துவிடுங்கள். அரை நிமிடம் ஆகும். நாமே நிறுத்திய இடத்திலும் கேமரா இருந்தால், அதன் பதிவை அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்; பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம்.

என்னை மிகவும் வருத்துவது நம் கல்யாண மண்டபங்களின் வழக்கம். "ஹேண்ட் பிரேக் போடாதீங்க, நியூட்ரல்ல விடுங்க சார், தேவைப்பட்டா தள்ளிக்குவோம்." இதை உதவி என்று நினைத்து விட்டுவிட்டுப் போகிறோம். போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்தின்போது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் ஒரு காரைத் தள்ளினார்கள். இருவர் பானட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்கள். தகரம் உள்ளே போய், டப்பென்று வெளியே வந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. இன்னொருவரின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து கதவு நெடுக உரசிக்கொண்டே போனது. தள்ளியவர்களைக் குற்றம் சொல்லவில்லை. எங்கே பிடித்துத் தள்ள வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண் சட்டத்தில் கை வைத்துத் தள்ளலாம். பானட்டும் டிக்கியும் கூடாது. தரை லேசாகச் சரிந்திருந்தாலும் நியூட்ரலில் நிற்கும் வண்டி தானாக உருளும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பெரிய எழுத்தில் போன் நம்பர் எழுதிய அட்டையை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, கூப்பிட்டால் பந்தியிலிருந்து எழுந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டு முறை எழுந்து வந்திருக்கிறேன்.

"பம்பருக்கு இரும்பு கார்டு மாட்டிட்டா போதும்" என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை மீறும் மாற்றம் என்று, அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உண்மையான விபத்தில் ஏர்பேக் விரிவதையும் அது கெடுக்கலாம். ரிவர்ஸ் சென்சார் புதிய கார்களில் 2019 ஜூலை முதல் கட்டாயம். நாம் பின்னால் வரும்போதுதான் அது கத்தும், நிற்கும் வண்டியின் பக்கவாட்டில் யார் கதவு திறந்தாலும் அதற்குத் தெரியாது. கவர் போடுவதும் தூசி படிந்த வண்டியின்மேல் என்றால் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

என் கதவில் பள்ளம் போட்டவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பின்சீட்டுக் குழந்தை ஒன்று, ஐஸ்கிரீம் அவசரத்தில் கதவைத் தள்ளியிருக்கும். எங்கள் வண்டியின் இரண்டு பின்கதவுகளிலும் இப்போது சைல்ட் லாக் போட்டிருக்கிறது. நான் இறங்கிச் சுற்றி வந்து, கதவின் விளிம்பில் உள்ளங்கையை மடித்துப் பிடித்துக்கொண்டுதான் மகளுக்குத் திறந்துவிடுகிறேன். பக்கத்துக் கார்மேல் பட்டால் முதலில் படுவது என் விரல் முட்டி. போன வாரம் அவளே இறங்கும் முன் கேட்டாள்: "அப்பா, கை வெச்சிட்டீங்களா?"