ஆற்றலும் அளவும்

பலர் கூடிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆடுவோர் தாமே புதிய பாத்திர வகைகளை வகுத்துச் சேர்த்தலும் அதன்கண் வழக்கம். அவருட் பலர் ஆற்றலின்மேல் ஆற்றலை அடுக்குகின்றனர். பயன் யாது? ஒருவன் வெல்ல, ஏனையோர் வாளா பார்த்திருக்கின்றனர்.

முதல் நூலின் மந்திரவாதியை நோக்குக. தொடக்கத்தில் அவனுக்கு நாளொன்றுக்கு ஒரு மந்திரமே உண்டு. கவசம் அணிதலும் கூடாது. ஆதலின் கவசம் பூண்ட வீரனை அவன் நாடினான். மந்திரம் பெருகிய பின்னர் வீரன் அவனை நாடினான்.

சமன் என்பது எண்களின் ஒப்புமையன்று. ஒருவரையொருவர் வேண்டி நிற்றலே என்பது என் துணிபு. ஆகவே, புதுப் பாத்திரம் வகுக்கும் மாணவர்காள், அதற்கு இயல்வதை எழுதுமுன் இயலாததை எழுதுக!