‘கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?’ என்பது மருத்துவ வினா அன்று

ஆய்வு மாணவரிடையே எழுதப்படாமல் கைமாறும் அறிவுரைகள் பல. நெறியாளரின் மனநிலை அறிந்து இயலை அனுப்புவது எப்படி, உதவித்தொகை தாமதமானால் எந்த அலுவலரைப் பார்ப்பது என்பவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ‘தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போகிறாயா? எல்லாவற்றையும் சொல், அதை மட்டும் சொல்லிவிடாதே.’ ‘அது’ என்பது கஞ்சா. தேவராஜ மொஹல்லாவில் அறை எடுத்துத் தங்கி மானசகங்கோத்ரிக்குப் போய்வரும் ஆய்வாளர்களிடம் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர்; மருத்துவமும் அதிகாரமும் பற்றி ஃபூக்கோவை முன்வைத்துக் கருத்தரங்கில் கட்டுரை படித்தவர்கள்.

இந்த அறிவுரை தவறானது, அதைப் பின்பற்றுபவரின் உடலுக்கே கேடானது என்பது என் வாதம். ஆயினும் பொய் சொல்லும் நோயாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அவரைப் பொய்யை நோக்கித் தள்ளும் வினா ஒன்று நம் மருத்துவ அறைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. முதல் வழக்கு அதன்மீதுதான். (‘இதை எழுதும் உனக்கு அந்தப் பழக்கம் உண்டா?’ என்று கேட்க விரும்புவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒரு பொருளைப் பற்றிப் பேசுபவர் முதலில் தம் நன்னடத்தைச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே இங்கு ஆராயப்படும் நோய்.)

தமிழ்நாட்டில் அவ்வினா ‘கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?’ என்று வரும். மைசூரில் ‘ஏனாத்ரூ கெட்ட அப்யாச இதெயா?’ என்று வரும். ஆங்கிலம் பேசும் மருத்துவர் ‘எனி ஹேபிட்ஸ்?’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். இம்மூன்றில் மொழியியல் நோக்கில் சுவையானது கடைசி வடிவம்தான். பல் துலக்குவதும் பழக்கமே. ஆனால் அக்கேள்விக்கு ‘ஆம், காலையும் இரவும் பல் துலக்குவேன்’ என்று எவரும் விடை சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருள் சுருங்கிச் சுருங்கி, ‘கெட்ட’ என்னும் அடையை உள்ளேயே விழுங்கிவிட்டது. தமிழிலும் ‘அவனுக்குப் பழக்கம் உண்டு’ என்றால் போதும், எந்தப் பழக்கம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மணமகன் தேவை விளம்பரங்களில் ‘கெட்ட பழக்கம் இல்லாதவர்’ என்ற தொடரைப் பார்க்கிறோம். மாப்பிள்ளை பார்ப்பவருக்கும் நோய் பார்ப்பவருக்கும் ஒரே தொடர்!

இவ்வினாவுக்கு ‘ஆம்’ என்று விடையளிப்பவர் இரண்டு செயல்களைச் செய்கிறார். ஒன்று, தகவல் தருகிறார். இன்னொன்று, அத்தகவலின்மீது மருத்துவர் முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பில் கையொப்பமிடுகிறார். தகவலை மட்டும் கொடுத்துத் தீர்ப்பை மறுக்க அவ்வாக்கியத்தின் அமைப்பில் இடமே இல்லை. நம் புறநோயாளர் அறைகளின் நிலையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கதவு திறந்திருக்கும், அடுத்த நோயாளி மேசையருகே சீட்டுடன் நின்றிருப்பார், அம்மாவோ அறைத்தோழரோ பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். இச்சூழலில் உண்மை பேச வேண்டுமென எதிர்பார்ப்பது, ஒலிவாங்கியைத் தகவலாளியின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு ‘இயல்பாகப் பேசுங்கள்’ என்பதைப் போன்றது. லபாவைப் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அப்பகுதியை இந்த அறைக்குள் வைத்துப் பார்க்கலாம். மருத்துவர் கேட்க வேண்டியது அறியா வினா. தாம் அறியாத ஒன்றை அறிந்துகொள்ளக் கேட்பது. அவர் கேட்பதோ வினா உருவில் வரும் ஏவல்: ‘இல்லை என்று சொல்.’ நோயாளியும் கீழ்ப்படிந்து மறை விடை தருகிறார். சற்று நேர்மை மிகுந்தவர் ‘காபிதான் கொஞ்சம் அதிகம் சார்’ என்பார். கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழி விடைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா? மருத்துவத்துக்கு உதவக்கூடியது ‘உற்றது உரைத்தல்’ என்னும் விடை, அதாவது தனக்கு நேர்ந்ததைச் சொல்லுதல். குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லும்போது நோயாளிக்கு இட்ட பெயரும் ‘உற்றவன்’ என்பதே. உற்றவன் உற்றதை உரைப்பதற்கு வினா இடம் தர வேண்டும்.

இனி, அந்தப் பொய்யின் விலையைப் பார்ப்போம். கஞ்சாவின் முதன்மையான வேதிப்பொருளான டிஎச்சி தொடக்கத்தில் தூக்கத்தை விரைவாக வரவழைக்கிறது. கனவுகள் மிகுந்த ரெம் உறக்கத்தைக் குறைக்கிறது. நாள்தோறும் பயன்படுத்தினால் உடல் அதற்குப் பழகி, பழைய அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் 1 முதல் 3 நாள்களுக்குள் விலகல் குறிகள் தோன்றுகின்றன: தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, திகிலூட்டும் தெளிவான கனவுகள். முதல் வாரத்தில் இவை உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணிகின்றன; தூக்கக் குலைவு மட்டும் அதற்குப் பின்னும் சில வாரம் நீடிக்கலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு இந்த விலகலைத் தனி நோய்நிலையாக ஏற்றது 2013இல், டிஎஸ்எம்-5 பதிப்பில்தான்.

ஓர் ஆய்வாளரைக் கற்பனை செய்துகொள்வோம். ஈராண்டாக இரவுதோறும் புகைத்துவிட்டு உறங்குகிறார். தீபாவளிக்குத் திருநெல்வேலி போகிறார். வீட்டில் புகைக்க வழியில்லை. மூன்றாம் நாள் முதல் உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தங்கையிடம் காரணமின்றி எரிந்து விழுகிறார். ‘பார், அது இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது’ என்பது அவர் காணும் முடிவு. தூக்கமின்மைக்கு மருந்தென அவர் நம்பிய பொருளே இப்போதைய தூக்கமின்மையின் காரணம் என்பதைச் சொல்ல அருகில் ஆளில்லை. ஊர் திரும்பி மருத்துவரிடம் போகிறார். பழக்கம் எதுவும் இல்லை என்கிறார். உறக்கமின்மை, பசியின்மை, பதற்றம், எரிச்சல்: அந்த நான்கையும் காரணமின்றிக் கேட்கும் எந்த மருத்துவரும் மனச்சோர்வையோ பதற்ற நோயையோதான் முதலில் நினைப்பார். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரையும், உறங்குவதற்குக் குளோனசபாமும் எழுதுகிறார். மாத்திரை போதவில்லை என்று அதன்மேல் புகையும் சேர்கிறது. இரண்டும் மூளையை மந்தப்படுத்துபவை, ஒன்றோடொன்று கூடுபவை. சில வாரம் பொறுத்தால் தணிந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு, பழகினால் விடுவது கடினமான இன்னொரு மருந்து கிடைத்தாயிற்று. மருத்துவர் பிழை செய்தாரா? அவர் கையில் இருந்த தரவுக்கு அவர் முடிவு சரியானதே.

உண்மை தெரிந்திருந்தால் அவர் கேட்டிருக்கக்கூடியவை வேறு. தனியாகப் புகைக்கிறாரா, புகையிலை கலந்தா? நம் ஊரில் பெரும்பாலும் கலந்துதான். அப்படியானால் நிகோட்டின் என்னும் கிளர்ச்சியூட்டியும் கணக்கில் வருகிறது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா? இருந்தால் கஞ்சா அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. கஞ்சாவுக்கு முன்பே தூக்கமின்மை இருந்ததா? இருந்திருந்தால் அதற்கென்றே அறிதல்–நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக அதைத்தான் தர வேண்டுமென்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருந்தாளரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து புகைப்பவருக்கு மயக்க மருந்தின் தேவை மாறக்கூடும்.

வெட்கம் தரவைக் கெடுப்பதற்கு நம் நாட்டில் பழைய சான்று ஒன்று உண்டு. 1893–94இல் பிரித்தானிய அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்தது. கஞ்சா பித்துப் பிடிக்கச் செய்கிறது என்பதற்கு அன்று காட்டப்பட்ட பெருஞ்சான்று மனநோய்க் காப்பகங்களின் பதிவேடு. ஆணையம் அதைத் தோண்டிப் பார்த்தது. ‘நோய்க்காரணம்’ என்றொரு கட்டம். ஏதாவது எழுதியாக வேண்டும். நோயாளியைக் கொண்டுவந்த காவலர் சொன்னதே பலவேளை அங்கே ஏறியிருந்தது. 1892ஆம் ஆண்டுச் சேர்க்கைகளில் கஞ்சாவின் பெயரில் எழுதப்பட்டவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் ஆராய்ந்தபோது பாதிக்கும் மேற்பட்டவற்றில் அக்காரணம் நிற்கவில்லை. அன்று அக்கட்டத்தில் பொய்யான ‘கஞ்சா’. இன்று பொய்யான ‘இல்லை’. 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு, ஓராண்டுக்குள் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியோர் சுமார் 3.1 கோடி என்கிறது. அதில் பாங்கு அருந்துவோரே மிகுதி. இத்தனை கோடிப் பேர் நம் மருத்துவமனைக் குறிப்புகளில் எங்கே ஒளிந்திருக்கிறார்கள்? களத்தில் தகவலாளி மறைத்துப் பேசினால் தரவு கெட்டது என்று புலம்பும் நாம், நாமே தகவலாளியாகும்போது செய்வது இதுதான்.

‘போலீசுக்குச் சொல்லிவிட்டால்?’ என்பார்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவு கஞ்சா நுகர்வுக்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது. ஆகவே அச்சம் வெறும் பிரமையன்று. ஆனால் புகைப்பதாகச் சொன்ன நோயாளியைக் காட்டிக்கொடுக்கும் கடமையை அச்சட்டம் மருத்துவர்மீது சுமத்தவில்லை. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கும் 64அ பிரிவும் அதிலேயே இருக்கிறது. மருத்துவரின் தொழில் நெறியை வகுத்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகள், நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அறிவிக்கத்தக்க நோய் என்னும் சில விலக்குகள் தவிர, நோயாளியின் இரகசியத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, 23ஆம் பிரிவில் இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது.

சட்டப் புத்தகத்தைக் காட்டி அச்சத்தை முழுவதும் துடைத்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1998இல் உச்ச நீதிமன்றமே, எச்ஐவி தொடர்பான ஒரு வழக்கில், மருத்துவ இரகசியம் எல்லையற்றதன்று என்று தீர்ப்பளித்திருக்கிறது. போதைப்பொருள் தொடர்பான சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்பது காப்பீட்டு ஒப்பந்தங்களின் வழக்கமான விலக்கு. இவற்றைவிட அன்றாடமான ஆபத்து, நாமே கையில் எடுத்துவரும் அந்தப் புறநோயாளர் சீட்டு. அதை அப்பா படிப்பார். மருத்துவ விடுப்புக்கு இணைத்தால் துறை அலுவலகம் படிக்கும், விடுதிக் காப்பாளர் படிப்பார். ஆகவே கல்வி நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது தெளிவு: விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் மட்டும் போதும், சிகிச்சைக் குறிப்பைக் கேட்காதீர்கள், வளாக நலமையத்தின் பதிவேடு விடுதி நிர்வாகத்தின் மேசைக்குப் போகக் கூடாது. போதை ஒழிப்பு நாளன்று உறுதிமொழி எடுக்கவைப்பதைவிட இது பயன் தரும்.

எதிர்த்திசையில் நிற்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். ‘அது மூலிகை, சித்த மருத்துவத்திலேயே இருக்கிறது, டாக்டருக்கு எதற்கு?’ என்கிறார்கள். கஞ்சா இலை சேர்ந்த மருந்துகள் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் உண்டு. ‘விஜயா’ என்ற பெயரில் தூக்கத்துக்கென்றே இணையத்திலும் விற்கிறார்கள். மருத்துவ நூலில் இருக்கிறது என்பது மருத்துவரிடம் சொல்ல வேண்டியதற்குக் காரணமாகுமே தவிர, மறைப்பதற்குக் காரணமாகாது. தெருவில் பொட்டலமாக வரும் சரக்கின் வலிமை எவ்வளவு, என்ன கலந்திருக்கிறது என்று எந்தச் சித்தரும் உங்களுக்கு எழுதித்தரவில்லை.

வினா மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வினா வருவதற்கு முன்பே உற்றதை உரைத்துவிடலாம். உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ‘டாக்டர், தூங்குவதற்காக வாரத்தில் ஐந்து இரவு கஞ்சா புகைக்கிறேன், புகையிலை கலந்து, இரண்டு ஆண்டாக, கடைசியாகப் புகைத்தது போன ஞாயிறு, வேறு மாத்திரை எடுப்பதில்லை. இதைச் சீட்டில் எப்படி எழுதுவீர்கள்?’ என்று கேட்கலாம். இதில் எங்கும் ‘பழக்கம்’ என்ற சொல் இல்லை, ‘கெட்ட’ என்ற அடையும் இல்லை. எண்ணும் காலமும் முறையும் இருக்கின்றன. மருத்துவர் அறநெறிச் சொற்பொழிவைத் தொடங்கினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்; இரண்டு மருத்துவக் கல்லூரிகள் உள்ள மைசூரில் அதற்குப் பஞ்சமில்லை. ‘புகைக்காத நாளில் எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது?’ என்று கேட்டால் அவரிடமே தொடருங்கள்.