திரையில் மறைந்த பாறை!

2014 நவம்பர் 29. இரவு நேரம். உலகைச் சுற்றும் வோல்வோ பாய்மரப் படகுப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. மொரீசியசுக்கு வடகிழக்கே, 'வெஸ்டாஸ் விண்ட்' என்ற படகு பவளப்பாறையில் மோதியது! நல்லவேளை, 9 பேரும் உயிர் தப்பினர்.

கடல் படம் காட்டும் மின்திரையில் அந்தப் பாறை இல்லையா? இருந்தது! ஆனால், பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். சிறிதாக வைத்தால் ஆழமான இடம்போலக் காட்டியது. காகிதப் படத்தை விரித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

கைதேர்ந்த மாலுமிகளுக்கே இந்தக் கதி. பிள்ளைகுட்டிகளோடு உல்லாசப் படகில் போகிறவர்கள் திரையை மட்டும் நம்பலாமா?

அமெரிக்க அரசு 2025 தொடக்கத்தோடு பழைய காகிதப் படங்களை நிறுத்திவிட்டது. வேண்டியவர்கள் தாங்களே அச்சிட்டுக்கொள்ளலாம். அச்சிடுங்கள், ஐயா! படகு நிற்கும் இடத்தைத் திரை சொல்லட்டும். அதைக் காகிதத்தில் மணிக்கொருமுறை பென்சிலால் குறியுங்கள். மின்சாரம் போனாலும் அந்தக் குறி இருக்கும்.