கோடித் துணி

எங்கள் வில்லாபுரத்தில் ஒரு சாவு விழுந்தால் உறவினர்கள் கோடியும் மாலையுமாக வருகிறார்கள். பிரேதத்தின் மேல் 50 புடவை விழுந்துவிட்டால், ‘பெரிய சாவு’ என்று ஊர் மெச்சுகிறது. மெச்சட்டும். ஆனால் அந்த 50-இல் பருத்தி எத்தனை என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் மலிவான, பளபளப்பான பாலியெஸ்டர்தான். இதை நான் அநாசாரம் என்கிறேன்.

சாஸ்திரம் பேச வரவில்லை. மண்ணைப் பற்றிப் பேசுகிறேன். பருத்தி நூல் என்பது செல்லுலோஸ். மண்ணில் ஈரமும் காற்றும் இருந்தால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதைச் சர்க்கரையாக உடைத்துத் தின்றுவிடும். 2021-இல் சுவிட்ஸர்லாந்து விஞ்ஞானிகள் சுமார் 1000 பேரிடம் பருத்தி உள்ளாடைகளைக் கொடுத்து நிலத்தில் புதைக்கச் சொன்னார்கள். வேடிக்கைக்கல்ல, துணி எவ்வளவு விரைவில் மட்குகிறதோ, அவ்வளவுக்கு மண் உயிரோடு இருக்கிறது என்பது கணக்கு.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்திலே கீழடி இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டியவர்களுக்குச் சுடுமண் தக்களி வட்டுகள் கிடைத்தன. அவற்றால் நூற்ற நூலும், அந்த நூலில் நெய்த துணியும் எங்கே? மண் தன் கடனைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

பாலியெஸ்டரோ 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்ஸனும் உண்டாக்கிய சரக்கு, பெட்ரோலியத்தின் பேரப்பிள்ளை. மண்ணில் உள்ள ஜீவராசிகளுக்கு அது இன்னும் அந்நியம். அந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை ஜப்பானில் கண்டதாக 2016-இல் செய்தி வந்தது. வாஸ்தவம்தான். ஆனால் அது நம் இடுகாட்டுக்கு வந்து பந்தியில் உட்காரப் போவதில்லை. உடல் மண்ணான பிறகும் புடவை அங்கேயே கிடக்கும். நைந்தாலும் நுண்ணிழைகளாகத்தான் நையும். குழிக்குள் போகாதவை வேலியோரம் குவிந்து, மாநகராட்சி வண்டியேறி, அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேரும்.

“ஏழை என்ன செய்வான்? அதுதானே மலிவு!” என்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்து வருஷம் உழைக்க வேண்டிய சட்டைக்குப் பாலியெஸ்டரின் ஆயுள் ஒரு குணம். வாங்கி உடுத்தட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு நாழிகை போர்த்துவதற்கு எதற்கு ஐயா சிரஞ்சீவித் துணி? அந்தக் காசுக்குப் பருத்திப் புடவை வராதுதான். பருத்தித் துண்டு வரும். நாலு பங்காளிகள் சேர்ந்தால் ஒரு நல்ல கைத்தறிச் சேலையே வரும். எண்ணிக்கை குறையும் என்பதுதானே கவலை? அப்படியானால் நாம் போர்த்துவது பிரேதத்தையல்ல, நம் கௌரவத்தை.

செத்தவர்களைக் கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும் என்று 1666-இல் இங்கிலாந்து சட்டமே போட்டது. அது தன் ஆட்டுரோம வியாபாரத்துக்காக. பருத்திச் சுங்குடிக்குப் பேர்போன மதுரைக்குச் சட்டம் வேண்டாம். கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும். மண்ணுக்குப் போகிறவரோடு மண்ணாகிற துணியையே அனுப்புங்கள்.