வைட்டமின் மாத்திரை புற்று நோயைத் தடுக்குமா?

"தினம் ஒரு வைட்டமின் மாத்திரை போடுங்கள். புற்று நோய் கிட்டே வராது!"

இப்படிப் பலரும் சொல்கிறார்கள். செல்போனில் வரும் செய்திகளும் சொல்கின்றன.

இது உண்மையா?

ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்று நோயைப் பொறுத்தவரை, இது உண்மை அல்ல. ஒரு வகை வைட்டமின் மாத்திரையை அளவுக்கு மீறிச் சாப்பிட்டவர்களுக்கு, அந்த நோய் அதிகமாகவே வந்திருக்கிறது!

புராஸ்டேட் என்றால் என்ன?

இது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயது ஆக ஆக இது பெரிதாவது உண்டு. சிலருக்கு இதில் புற்று நோய் வருகிறது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்தான் வரும்.

துருவும் பெயிண்டும்

சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே இரும்பு ஆலைகள் பல உண்டு. இரும்பைப் பற்றி அந்த ஊர்த் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

இரும்பைக் காற்றிலும் ஈரத்திலும் போட்டால் என்ன ஆகும்? துருப் பிடிக்கும். பெயிண்ட் அடித்தால் துருப் பிடிக்காது.

நம் உடம்பிலும் கிட்டத்தட்ட இது போல ஒரு காரியம் நடக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்தும்போது, சில முரட்டுப் பொருள்கள் உண்டாகின்றன. அவை உடம்பின் உயிர் அணுக்களை அரிக்கின்றன. இந்த அரிப்பைத் தடுக்கும் சத்துக்கள் சில உண்டு. வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ', காரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

"அரிப்பைத் தடுத்தால் புற்று நோயையும் தடுக்கலாமே!" என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

நோயாளிகளின் உடம்பில் இருந்து எடுத்த புராஸ்டேட் புற்று அணுக்களை, சோதனைச் சாலையில் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். வைட்டமின் 'ஈ'யின் சில வகைகளை அதில் சேர்த்தார்கள். அணுக்களின் வளர்ச்சி குறைந்தது!

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு. மனித உடம்பு வேறு. உடம்பில் ரத்தம் ஓடுகிறது. ஈரலும் குடலும் வேலை செய்கின்றன. தட்டில் பலித்தது உடம்பில் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

பின்லாந்தில் நடந்தது

ஐரோப்பாவில் உள்ள பின்லாந்து நாட்டில் 1985-ம் ஆண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரம் பேர் அதில் சேர்ந்தார்கள்.

அதன் முடிவு 1994-ம் ஆண்டு வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று நோய் குறையவில்லை. 100-க்கு 18 பங்கு கூடியது!

ஆனால் வைட்டமின் 'ஈ' சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்று நோய் குறைவாக வந்தது. இதனால் எல்லோருக்கும் ஆசை பிறந்தது.

35 ஆயிரம் பேர்

அந்த ஆசை சரிதானா என்று பார்க்க, 2001-ம் ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் மிகப் பெரிய சோதனை தொடங்கியது. 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சேர்ந்தார்கள். சிலருக்கு வைட்டமின் 'ஈ' கொடுத்தார்கள். சிலருக்கு செலினியம் என்ற சத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு இரண்டையும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

2008-ம் ஆண்டு சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். காரணம், பலன் எதுவும் இல்லை.

2011-ல் வந்த கணக்கு எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில், ஆயிரம் பேருக்கு 65 பேர் வீதம் 7 ஆண்டுகளில் புராஸ்டேட் புற்று நோய் வந்தது. வைட்டமின் 'ஈ' மட்டும் சாப்பிட்டவர்களில், ஆயிரத்துக்கு 76 பேர்!

"11 பேர்தானே அதிகம்?" என்று கேட்கலாம். ஆனால் நோயைத் தடுப்பதற்காகச் சாப்பிட்ட மாத்திரை அல்லவா அது!

அமெரிக்க டாக்டர்கள் 14 ஆயிரம் பேர் வைத்து நடந்த இன்னொரு சோதனையிலும், வைட்டமின் 'சி'யோ 'ஈ'யோ புராஸ்டேட் புற்று நோயைக் குறைக்கவில்லை.

ஏன் இப்படி?

முழு விடை இன்னும் தெரியவில்லை. ஒரு காரணம் சொல்லப்படுகிறது. பெயிண்ட் நல்ல இரும்பு, கெட்ட இரும்பு என்று பார்ப்பது இல்லை. இரண்டையும் காக்கும். அது போல, அளவுக்கு மீறிய வைட்டமின், நல்ல அணுவோடு புற்று அணுவையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம். சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2014-ல் எலிகளிடம் சோதித்தபோது, வைட்டமின் 'ஈ' கொடுத்த எலிகளுக்கு நுரையீரல் புற்று வேகமாக வளர்ந்தது.

இன்னொன்று, அளவு. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் வைட்டமின் 'ஈ' போதும். அமெரிக்கச் சோதனையில் கொடுத்ததோ அதைப் போல் பத்து மடங்குக்கு மேல்!

புற்று நோயைத் தடுக்க வைட்டமின் 'ஈ', பீட்டா கரோட்டின் மாத்திரைகளைச் சாப்பிட வேண்டாம் என்று, அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிபுணர் குழு 2022-ல் கூறிவிட்டது.

என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டு நெல்லிக்காயையும் முருங்கைக் கீரையையும் தள்ளி வைத்துவிடாதீர்கள்! சாப்பாட்டில் உள்ள வைட்டமின் வேறு. புட்டியில் அடைத்த பெரிய அளவு வேறு. கீரை, காய், கொய்யாப்பழம், நிலக்கடலை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

சத்துக் குறைவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். நீங்களாக வாங்கி, மாதக் கணக்கில் சாப்பிடுவதுதான் கூடாது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள், "வைட்டமின் இருக்கிறதே" என்று தைரியமாக இருக்க வேண்டாம். பின்லாந்துக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பீடியை விடுவதுதான் மருந்து.

புற்று நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் எந்த வைட்டமினும் சாப்பிடக் கூடாது.

சிறுநீர் தடைப்பட்டு வருகிறதா? இரவில் பல முறை எழ வேண்டி இருக்கிறதா? சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா? பயப்பட வேண்டாம். எல்லாம் புற்று நோய் ஆகிவிடாது. ஆனால் வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் 'பி.எஸ்.ஏ.' என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி, கும்மிடிப்பூண்டியில் இருந்து வெகு தூரத்தில் இல்லை. மின்சார ரெயில் ஏறி சென்னைக்கு வந்து, அங்கிருந்து போய்விடலாம்.

ஆண்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் உள்ள பெண்கள்தான் கேட்க வேண்டும். வைட்டமின் மாத்திரைக்குச் செலவாகும் பணத்தை எடுத்து வையுங்கள். அது காய்கறிக்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவுக்கும் உதவும்.