பயம் ஒரு சாட்டு அல்ல

ஹரி பொட்டர் கதையில் வரும் பீட்டர் பெட்டிகுரூவுக்காக வக்காலத்து வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். "பாவம், பயத்தில் செய்துவிட்டான்" என்பது ஒரு சாட்டு. "ஜேம்ஸும் சிரியஸும் அவனை எடுபிடி மாதிரித்தானே வைத்திருந்தார்கள், அதுதான் அப்படி ஆனான்" என்பது அடுத்த சாட்டு. முதலாவது பிழை. இரண்டாவது பிழை மட்டுமல்ல, பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயமும் கூட.

முதலில் பயத்தைப் பார்ப்போம். பயந்தவன் ஓடுவான், ஒளிவான், "என்னால் ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்பான். ஜேம்ஸ், லிலியின் மறைவிட இரகசியத்தைக் காக்கும் பொறுப்பு வந்தபோது பீட்டரும் அப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே வோல்டமோர்ட்டுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தான். 1981 ஒக்டோபர் 31 இரவு நடந்தது ஒரு நிமிடத் தடுமாற்றம் அல்ல.

அதற்குப் பிறகு செய்ததையும் பாருங்கள். சிரியஸ் தேடி வந்ததும், நடுத்தெருவில் நின்று சிரியஸ்தான் காட்டிக்கொடுத்தான் என்று கத்தினான். தன் விரலைத் தானே வெட்டிப் போட்டான். தெருவை வெடிக்க வைத்து 12 அப்பாவிகளைக் கொன்றுவிட்டு, எலியாக மாறிச் சாக்கடைக்குள் போய்விட்டான். சிரியஸ் விசாரணையே இல்லாமல் 12 வருடம் அஸ்கபான் சிறையில் கிடந்தான். அந்தக் காலம் முழுக்க இவன் வீஸ்லி வீட்டுப் பிள்ளைகளின் செல்ல எலியாகத் தின்று தூங்கினான். இதற்குப் பெயர் பயமா? இது கணக்குப் போட்டுச் செய்த வேலை.

இனி அடுத்த சாட்டு. கெட்டிக்காரர்களின் பின்னால் திரிகிற, விளையாட்டில் கடைசியாகச் சேர்க்கப்படுகிற ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அப்படியான பிள்ளை வளர்ந்தால் காட்டிக்கொடுக்கத்தான் செய்யும் என்றா சொல்கிறீர்கள்? ஓர் ஆசிரியையாக இதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ரோலிங் இதற்கான பதிலைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார். அந்தப் பதில் நெவில். மூன்றாம் புத்தகத்தில் பீட்டரைப் பற்றிக் கேள்விப்படும் ஹரி, நெவிலைப் போன்ற ஒரு பையனைத்தான் மனதில் நினைத்துக்கொள்கிறான். பீட்டரும் நெவிலும் ஒரே இல்லம். நெவிலுக்கும் மறதி, தடுமாற்றம், எல்லோருடைய கேலி. ஸ்னேப் என்ற ஆசிரியரைக் கண்டாலே நடுங்குவான். (இந்த இடத்தில் நாங்களும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.) அந்த நெவில்தான் முதலாம் புத்தகத்தில் தன் சொந்த நண்பர்களையே வழிமறித்து நின்றான். கடைசிப் புத்தகத்தில், தன் பக்கம் வரச் சொன்ன வோல்டமோர்ட்டை முகத்துக்கு நேரே மறுத்து, அவனுடைய பாம்பின் தலையை வெட்டினான். பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. நெவில் அதை மற்றவர்கள் தலையில் கட்டவில்லை.

கேலி செய்தது ஜேம்ஸ், சிரியஸின் பிழைதான். அது வேறு கணக்கு. அந்தக் கணக்கைக் காட்டி, ஒன்றேகால் வயதுக் குழந்தையையும் தாய் தகப்பனையும் கொலைகாரனிடம் ஒப்படைத்ததைக் கழித்துவிட முடியாது.

பீட்டருக்காக இரங்குவதென்றால் இரங்குங்கள். ஹரிகூட அவனைக் கொல்ல விடவில்லை. ஆனால் அஸ்கபானுக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் சொன்னான், குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. இரக்கம் வேறு, வக்காலத்து வேறு.

பின் வாங்குப் பிள்ளைகளைக் காட்டி மட்டும் அவனைக் காப்பாற்ற வராதீர்கள். அந்த வாங்கில்தான் நெவிலும் இருந்தான்.