படைப்பின் உரிமை படைத்தவரிடம்: சொந்தமாகக் கணினி விளையாட்டு உருவாக்க விரும்பும் மலையக இளைஞர் குறித்த எமது நிலைப்பாடு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து கணினி படிக்கப் போன பிள்ளைகள் இன்று நிரலாக்கமும் வரைகலையும் கற்றுத் தொழிலில் இறங்குகிறார்கள். பெரிய கேம் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருப்பதா, விலகிவந்து சொந்தமாகக் கேம் செய்வதா என்ற கேள்வி அவர்களுக்கும் இருக்கிறது, அவர்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் இருக்கிறது. அதற்கு எமது அமைப்பின் பதிலைப் பகிரங்கமாக வைக்கிறோம்.

எமது நிலைப்பாடு

1. சொந்தமாகக் கேம் உருவாக்கும் முயற்சியை நாம் ஆதரிக்கிறோம்.

2. படைப்பின் உரிமையும் அதன் வருமானம் வந்துசேரும் வழியும் உறுதியாகும் முன் கையிலுள்ள வேலையை விடுவதை ஆதரிக்கவில்லை.

3. தனியாளாகப் போவதைவிட, எழுத்து மூல ஒப்பந்தத்தோடு சிறு குழுவாகப் போவதையே பரிந்துரைக்கிறோம்.

ஏன் ஆதரிக்கிறோம்

பெரிய நிறுவனம் என்றால் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது. 2024 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை ஒரே அறிவிப்பில் நீக்கியது. அதே ஆண்டு மே மாதம், ‘ஹை-ஃபை ரஷ்’ என்ற கேமுக்குப் பெரும் பாராட்டு வாங்கிய டோக்கியோவின் டாங்கோ கேம்வர்க்ஸை மூடப்போவதாக அறிவித்தது. நல்ல வேலை செய்தவர்களுக்கும் வேலை நிலைக்கவில்லை.

மறுபக்கம், கருவிகள் எளியவர் கைக்கு எட்டும் நிலைக்கு வந்திருக்கின்றன. கோடோ என்ற கேம் எஞ்சின் 2014 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கனடாவின் டொரொன்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கி 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. இட்லியும் புட்டும் அதில் விளையாட்டாகின. 2024இல் அது சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும், சுயாதீனக் கேம் விழாவின் உயரிய பரிசையும் பெற்றது. நம் வீட்டுக் கதை உலகச் சந்தையில் விலைபோகாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

விருது பெற்றவர்களை மட்டும் காட்டி இளைஞர்களை உசுப்பிவிட நாம் விரும்பவில்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு ‘ராஜி’ என்ற கேமுக்காக 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி கேட்டது. கேட்ட தொகை சேரவில்லை. ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் துணையோடு அந்தக் கேம் கடைக்கு வர 2020 ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் சம்பளமின்றித் தாக்குப்பிடிக்கத் தோட்டத்து லயத்தில் வாழும் எந்தக் குடும்பத்தாலும் முடியாது.

மலையகம் ஏற்கெனவே கண்டது

கம்பனியை விட்டு விலகுவதும் சுதந்திரமாவதும் வேறு வேறு என்பதை மலையகம் தேயிலையிலேயே பார்த்திருக்கிறது. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கை, சுமார் 70 சதவீதத்தை, இன்று விளைவிப்பவர்கள் சிற்றுடைமையாளர்கள். காணி அவர்களுடையது, கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது என்பதையும் அவர்களே தீர்மானிக்கலாம். அதேவேளை பெருந்தோட்டக் கம்பனிகள் சம்பளப் பேச்சுகளின்போது முன்வைத்துவரும் வெளியார் உற்பத்தி முறையில், குடும்பத்துக்குத் தேயிலைத் துண்டு ஒன்று பிரித்துக் கொடுக்கப்படும். காணி குடும்பத்துக்குச் சொந்தமாகாது. கொழுந்தும் கம்பனித் தொழிற்சாலைக்கே போகவேண்டும். இலாபத்தில் பங்கு என்று சொன்னாலும் நட்டத்திலும் பங்கு வந்துவிடும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்தும் 3 சதவீதமும் கேள்விக்குறியாகும்.

கேம் தொழிலிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. சொந்தக் கேமை வெளியிட்டு அதன் உரிமையை வைத்திருப்பவர் சிற்றுடைமையாளர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் படத்துக்கு இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு என்று வரைந்து கொடுத்து, உரிமையை முழுதாக எழுதிக்கொடுத்துவிடுபவர் சேமலாப நிதியும் இல்லாத கூலியாள். அவருக்குத் துரையும் கணக்கப்பிள்ளையும் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இந்தக் கூலிவேலையை நாம் இழிவாகக் கருதவில்லை. அடுப்பெரிய அது வேண்டியிருக்கும். அதையே சுதந்திரம் என்று விளம்பரப்படுத்துவதைத்தான் மறுக்கிறோம்.

சம்பளத்துக்கு இருப்போரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஊழியர் தன் கடமையின் பகுதியாக உருவாக்குவதன் பொருளாதார உரிமை முதலாளிக்கே சேரும். எனவே அலுவலகக் கணினியில், அலுவலக நேரத்தில் சொந்தக் கேமைத் தொடங்காதீர்கள். ஓய்வு நேரத்தில் செய்வதும் நிறுவனத்துக்கே என்று சொல்லும் நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் வாசியுங்கள்.

மலையகத்துக்கே உரிய தடைகள்

கொழும்பு இளைஞருக்கு இல்லாத தடைகள் தோட்டத்து இளைஞருக்கு உண்டு. முதலாவது முகவரி. கேமில் வரும் விளம்பரங்களுக்கான பணத்தைத் தருமுன், கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பி முகவரியை உறுதிசெய்கிறது. லயக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறித்தான் வரும். கடிதம் தவறினால், முகவரி உறுதியாகும்வரை உழைத்த பணம் நிறுத்திவைக்கப்படும்.

இரண்டாவது பதிவு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய, தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணம் கேட்பார்கள். லயக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் எங்கே இருக்கிறது? தோட்ட நிர்வாகத்தின் கடிதத்துக்காகக் காத்து நிற்பதே பிள்ளையின் முதல் வேலையாகிவிடுகிறது.

மூன்றாவது பணம். ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை வைக்கக் கட்டணம் 100 டொலர், ஏறத்தாழ 30,000 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்த 1,750 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தாலும், கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் 17 நாள் உழைப்பு. கேம் 1,000 டொலர் ஈட்டினால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதுவரை அது குடும்பத்தின் பணம். விற்பனையில் 30 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். எல்லா இலங்கையரையும் போல இவர்களுக்கும், பேபால் வழியாகப் பணம் செலுத்தலாம், பெற இயலாது என்ற நிலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 15 சதவீதம் வரையான வரியும் உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு இருப்பதால் தொடக்கநிலையில் உள்ளவர்கள் அஞ்சவேண்டியதில்லை, கணக்கு வைத்திருந்தால் போதும்.

நாம் கோருவது

அரசிடம்: தோட்டக் குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கமும் தபால் முகவரியும் வழங்குங்கள். லயத்தில் வசிப்போர் தோட்ட நிர்வாகத்தின் கடிதமின்றி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாட்டோடு வியாபாரப் பெயரைப் பதிய வழிசெய்யுங்கள்.

வங்கிகளிடம்: வெளிநாட்டுச் சிறு தொகைகளைப் பெறும் இளைஞருக்கு உங்கள் ஹட்டன், நுவரெலியாக் கிளைகளில் தமிழில் விளக்கம் கொடுங்கள்.

தொழிற்சங்கங்களிடம்: கணினியில் உழைப்பவரும் தொழிலாளிதான். கொழுந்துக்கு விலை பேசிய அனுபவத்தை இவர்களது ஒப்பந்தங்களுக்கும் கொடுங்கள்.

கேம் நிறுவனங்களிடம்: ஓய்வு நேரப் படைப்பு ஊழியருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேலை செய்தவர் இடையில் விலகியிருந்தாலும் கேமில் அவர் பெயரைப் போடுங்கள்.

இளைஞருக்கும் பெற்றோருக்கும்

வேலையில் இருந்துகொண்டே ஒரு சிறிய கேமை முடித்து வெளியிடுங்கள். பாதியில் நிற்கும் பெரிய கனவைவிட முடிந்த சிறிய கேம் அதிகம் கற்றுத்தரும். நிரல் எழுதுபவர், வரைபவர், இசையமைப்பவர் என்று மூன்று நான்கு பேர் சேரும்போது, யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னாகும் என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பு முறிவது பெரும்பாலும் பணம் வந்த பிறகுதான். ஒரே எஞ்சினை நம்பி முடங்காதீர்கள். 2023 செப்டெம்பரில் யூனிட்டி என்ற எஞ்சின் நிறுவனம் கேமின் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று திடீரென அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. அந்த ஓராண்டில் சிறு குழுக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பெற்றோரே, பிள்ளை இரவில் கணினி முன் இருப்பதெல்லாம் விளையாட்டல்ல. ஆனால் நகையை அடகு வைத்து அந்த முயற்சிக்கு முதல் போடாதீர்கள்.

கம்பனி வேலையா சொந்தத் தொழிலா என்பதை அவரவர் வீட்டு நிலைமை தீர்மானிக்கட்டும். எதைத் தேர்ந்தாலும், உங்கள் படைப்பின் உரிமையை வாசிக்காத காகிதத்தில் கையெழுத்திட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.